மைதானத்தின் சாவி

2022 ஏப்ரல் 22 அன்று பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் அந்த ஊர் மகளிர் அணியும் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் அணியும் மோதின. 91,648 பேர் வந்திருந்தார்கள். பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு இதுவரை கூடிய கூட்டங்களில் இதுவே பெரியது என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. மூன்று வாரத்துக்கு முன்பு அதே மைதானத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்த 91,553 பேர் அதற்கு முந்தைய சாதனை. அதற்கும் முந்தையது, 1999 ஜூலை 10 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுலில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்த 90,185 பேர். இந்த வரிசையை நானும் வாய்ப்பாடு போல நம்பியிருந்தேன்.

1971 செப்டம்பர் 5 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில் டென்மார்க் பெண்களும் மெக்சிகோ பெண்களும் ஆடிய இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 1,10,000 பேர் வந்தார்கள். அந்த எண் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

ரேச்சல் ராம்சே, ஜேம்ஸ் எர்ஸ்கின் இருவரும் இயக்கிய 'கோபா 71' என்ற ஆவணப்படம் இந்த இல்லாமையிலிருந்துதான் தொடங்குகிறது. 2023இல் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட படம் இது. டென்னிஸ் வீராங்கனைகள் செரீனா வில்லியம்ஸும் வீனஸ் வில்லியம்ஸும் நிர்வாகத் தயாரிப்பாளர்கள். படத்தின் தொடக்கத்தில் அமெரிக்க வீராங்கனை பிராண்டி சாஸ்டெய்ன் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு பழைய காட்சியைக் கொடுக்கிறார்கள். நிரம்பி வழியும் மைதானம், கொடிகள், வரிசையாக நடந்து வரும் பெண்கள். அவர் முகம் மெல்ல மாறுகிறது. இது தனக்கு ஏன் தெரியாமல் போனது என்று கேட்கிறார். 1999இல் அந்த 90,185 பேர் முன்னால் கடைசி பெனால்டியை அடித்து அமெரிக்காவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர்தான். பெண்கள் கால்பந்தில் அதுவரை எவரும் பார்த்திராத கூட்டத்தின் முன் ஆடியவர் என்று சொல்லிச் சொல்லியே கொண்டாடப்பட்டவர். அவருக்கே தெரியவில்லை என்றால், வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

பெண்கள் ஆடினால் யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்வியை நம் ஊர் டீக்கடையிலிருந்து ஐரோப்பிய சங்க அலுவலகம் வரை கேட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் பதில் ஒன்றுதான். வாசலைத் திறந்துவிட்டபோதெல்லாம் கூட்டம் வந்திருக்கிறது. வாசலைப் பூட்டும் சாவி யார் கையில் இருந்தது, எப்போது பூட்டினார்கள், பூட்டியபின் ஏட்டில் என்ன எழுதினார்கள் என்பதுதான் பெண்கள் கால்பந்தின் மறைந்த வரலாறு.

இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டும். 1895 மார்ச் 23 அன்று லண்டனின் கிரவுச் எண்டில் 'பிரிட்டிஷ் மகளிர் கால்பந்து கழகம்' ஆடிய முதல் ஆட்டத்துக்கே பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம். ஆனால் பெண்கள் கால்பந்து தொழிலாளர் குடும்பங்களுக்குள் வேர்விட்டது முதல் உலகப் போரில்தான். ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்குள் வந்தார்கள். உணவு இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்தை உதைத்தவர்கள் அணியாகத் திரண்டார்கள். டிராம் வண்டிகளும் எஞ்சின்களும் செய்த பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் நிறுவனத்தின் பெண்கள், 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் இன்னொரு ஆலைப் பெண்களை எதிர்த்து ஆடினார்கள். காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்டிய ஆட்டம் அது. பத்தாயிரம் பேர் வந்தார்கள்.

அந்த அணியின் கதையில் என்னை அதிகம் இழுத்து நிறுத்துவது 1920 டிசம்பர் மாத இரவு ஆட்டம். மைதானங்களில் மின்விளக்குக் கம்பங்கள் இல்லாத காலம். விமானங்களைத் தேடப் போரில் பயன்பட்ட தேடுவிளக்குகள் இரண்டை இராணுவத்திடமிருந்து கேட்டு வாங்கினார்கள். போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் அனுமதி அதற்குத் தேவைப்பட்டது. தோல் பந்து ஈரத்தில் ஊறிக் கறுத்துவிட்டால் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பந்துகளுக்கு வெள்ளை பூசி ஓரமாக வைத்திருந்தார்கள். ஒன்று அழுக்கானதும் அடுத்தது களத்துக்குள் வந்தது. வேலை இழந்து நின்ற முன்னாள் சிப்பாய்களுக்காக நடந்த அந்த ஆட்டத்துக்குப் பனிக்கால இரவில் பன்னிரண்டாயிரம் பேர் கூடினார்கள். வெள்ளையடித்த பந்து விளக்கின் வெளிச்சத்துக்குள் வந்து வந்து மறைவதைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

சில நாள் கழித்து, 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களும் ஆடினார்கள். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். டிக் கெர் 4-0 என்று வென்றது. வசூல் 3,115 பவுண்டு. அந்த அணியில் லில்லி பார் என்ற பதினைந்து வயதுப் பெண் இருந்தாள். செயின்ட் ஹெலன்ஸ் நகரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, நல்ல உயரம். அவள் இடது காலிலிருந்து கிளம்பிய பந்தைப் பிடிக்கக் கோல்கீப்பர்கள் அஞ்சினார்கள் என்று சொல்வார்கள்.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது என்றது. தருமத்துக்குத் திரட்டிய பணத்தில் செலவுக் கணக்கு அதிகமாக இருக்கிறது என்றும் புகார் சொன்னது. பெண்கள் உடம்புக்குக் கேடு என்று மருத்துவர்கள் சிலர் பத்திரிகைகளில் பேசினார்கள். இந்தக் காரணங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தீர்மானத்தின் செயற்பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். பெண்கள் ஆடக் கூடாது என்று அதில் இல்லை. அப்படிச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. சங்கத்தில் சேர்ந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்பதே உத்தரவு. அது போதுமானதாக இருந்தது. ஐம்பதாயிரம் பேர் உட்காரவும் நிற்கவும் இடமுள்ள மைதானங்கள் எல்லாம் சங்கத்துக் கழகங்களின் சொத்து. டிக்கெட் அறை, வேலி, படிக்கட்டு எல்லாம் அங்கேதான். பூங்காப் புல்வெளியிலோ ரக்பி களத்திலோ ஆடலாம். அங்கே ஆயிரக்கணக்கானோர் நிற்க வழியில்லை. கூட்டம் இல்லாத இடத்துக்குப் பத்திரிகைக்காரனும் வர மாட்டான். பத்தாண்டு போனால், பெண்கள் ஆட்டத்துக்கு ஆளே வருவதில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கண்முன்னே சாட்சியும் இருக்கும்.

அந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. 1922இல் டிக் கெர் அணி கப்பலேறி அமெரிக்கா போனது. அங்கே எதிர்த்து ஆடப் பெண்கள் அணி இல்லாததால் ஆண்கள் அணிகளோடு மோதியது. பிறகு பிரெஸ்டன் மகளிர் அணி என்ற பெயரோடு 1965 வரை ஆடிக்கொண்டே இருந்தது. அவர்கள் ஆடிய 828 ஆட்டங்களில் 758 வெற்றி என்பது வழங்கிவரும் கணக்கு. லில்லி பார் மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தபடியே ஆடினார். 1978இல் இறந்தார். இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002இல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1921 தடைக்காகச் சங்கம் மன்னிப்புக் கேட்க 2008 வரை ஆனது.

மற்ற நாடுகளின் கதையை இந்த அளவுக்கு விரிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பூட்டு ஒரே மாதிரியானது. பிரேசிலில் அரசே நேரடியாக வந்தது. கெத்துலியோ வர்காஸ் ஆட்சி 1941 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் பெண்கள் ஈடுபடக் கூடாது என்றது. 1979 வரை அந்தத் தடை நீடித்தது. பேலே பிறந்த நாட்டில் பெண் குழந்தைகளின் ஏறத்தாழ இரண்டு தலைமுறை பந்தை ஒளித்து வைத்து ஆடியது. மேற்கு ஜெர்மனியில் 1955 ஜூலையில் தேசியச் சங்கம் இங்கிலாந்தின் வழியையே பின்பற்றியது. பெண்கள் பிரிவு வைத்துக்கொள்ளக் கூடாது, மைதானம் கொடுக்கக் கூடாது, நடுவர்கள் போகக் கூடாது என்று கழகங்களுக்குச் சொன்னது. ஆனால் ஜெர்மனியில் ஒரு வேறுபாடு இருந்தது. சில மைதானங்கள் நகராட்சிகளுக்குச் சொந்தம். நகராட்சி சங்கத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. தடை வந்த அடுத்த ஆண்டே எஸ்ஸென் நகரில் மேற்கு ஜெர்மனிப் பெண்களும் நெதர்லாந்துப் பெண்களும் ஆடினார்கள், சங்கத்தின் அங்கீகாரம் இல்லாமலே. 1957இல் மியூனிக் நகராட்சி தன் டான்டே மைதானத்தைத் திறந்துவிட்டபோது பல ஆயிரம் பேர் வந்தார்கள். தடையை 1970 அக்டோபர் கடைசியில் நீக்கினார்கள். அதே ஜெர்மனிப் பெண்கள் 1989இல் ஐரோப்பியக் கோப்பை வென்றபோது சங்கம் பரிசாகக் கொடுத்தது பூப்போட்ட காபிக் கோப்பைத் தொகுப்பு. அந்தப் பீங்கான் இன்றும் ஜெர்மனியில் ஒரு வரலாற்றுச் சான்றாகக் காட்டப்படுகிறது.

இப்போது மெக்சிகோவுக்கு வரலாம். 'கோபா 71' படத்தின் களம் இதுதான். நான் சொல்லும் சாவிக் கணக்கு மிகத் துலக்கமாகத் தெரியும் இடமும் இதுதான். 1970 ஜூலையில் இத்தாலியில் பெண்களுக்கு ஓர் உலகப் போட்டி நடந்தது. ஐரோப்பாவில் தனியாக உருவான மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பும் மார்ட்டினி ரோசி என்ற மதுபான நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. டூரின் நகரில் டென்மார்க் இத்தாலியை வென்றது. அங்கே மூன்றாம் இடம் பிடித்த மெக்சிகோ அணி நாடு திரும்பியபோது, ஆண்களின் 1970 உலகக் கோப்பையை அப்போதுதான் நடத்தி முடித்திருந்த மெக்சிகோவில் அடுத்த போட்டியை நடத்தினால் என்ன என்று அமைப்பாளர்கள் யோசித்தார்கள்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கு இதில் பங்கில்லை, விருப்பமும் இல்லை. பெண்களுக்கு மைதானம் கொடுக்கும் கழகங்களுக்கு அபராதம் என்று மெக்சிகோ சங்கம் எச்சரித்தது. இங்கிலாந்தில் அதுவே எல்லாவற்றையும் முடித்திருக்கும். மெக்சிகோவில் முடிக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய மைதானமான அஸ்டெகா ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கையில் இருந்தது. சங்கத்தின் அபராதம் அந்த வாசலைத் தொட முடியவில்லை. குவாதலஹாராவின் ஹலிஸ்கோ மைதானமும் திறந்தது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு வேண்டியது நிகழ்ச்சி. ஆகவே அவர்களே ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். இரட்டைப் பின்னலிட்ட சோச்சிட்ல் என்ற சிறுமி உருவம் போட்டியின் சின்னமாக எங்கும் சிரித்தது. கோல் கம்பங்களில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டினார்கள். பெண்மையைப் பொம்மையாக்கும் ஆசை அதில் இருந்தது உண்மை. அந்தக் கம்பங்களைப் பார்த்து எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் படத்தின் பழைய வண்ணக் காட்சிகளில், அந்தக் கம்பங்களுக்கு நடுவே மெக்சிகோப் பெண்கள் அடிக்கும் கோலுக்கு லட்சம் பேர் ஒரே உடம்பாக எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது கோபம் வேறொன்றாகிறது.

மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி என்று ஆறு அணிகள். ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 5 வரை ஆட்டங்கள். இங்கிலாந்து அணியை அழைத்துவந்தவர் லூட்டன் பகுதியைச் சேர்ந்த ஹாரி பாட். இங்கிலாந்தின் மகளிர் கால்பந்துச் சங்கம் அவரை ஏற்கவில்லை. அவருடைய அணியில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். லீயா கேலெப்புக்குப் பதின்மூன்று வயது. ஊரில் பூங்காவில் சிலர் பார்க்க ஆடிய பிள்ளை, விமானத்தை விட்டு இறங்கியதும் படக் கருவிகளின் வெளிச்சத்தில் கண் கூசி நின்றாள். ஹோட்டல் வாசலில் கையெழுத்துக்குக் கூட்டம். பேருந்துக்கு முன்னும் பின்னும் காவலர் வண்டி. ஆகஸ்ட் 21 அன்று அஸ்டெகாவில் அர்ஜென்டினாவிடம் அந்த அணி 4-1 என்று தோற்றது. அர்ஜென்டினாவின் நான்கு கோல்களையும் எல்பா செல்வா என்ற ஒரே பெண் அடித்தார். அடுத்து மெக்சிகோவிடம் 4-0.

அர்ஜென்டினா அணி மெக்சிகோவுக்கு வந்தபோது பயிற்சியாளர் இல்லை, ஒழுங்கான காலணி இல்லை. அந்த நான்கு கோல்களை அந்த நாடு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தது. இப்போது ஆகஸ்ட் 21 அங்கே பெண் கால்பந்து வீரர்களின் நாள். இன்று முதியவராகிவிட்ட எல்பா செல்வா படத்தில் பேசும் இடங்களில் என்னால் வேறெதையும் கவனிக்க முடியவில்லை. அடித்த பந்து எந்தக் கோணத்தில் போனது என்பதைக் கை அசைத்துக் காட்டுகிறவரின் கை ஆட்டக்காரியின் கைதான்.

அரையிறுதியில் மெக்சிகோ இத்தாலியை 2-1 என்று வென்றது. நடுவர் தங்கள் கோலை மறுத்துவிட்டார் என்ற ஆற்றாமை இத்தாலியத் தலைவி எலேனா ஸ்கியாவோவிடம் ஐம்பது ஆண்டு கழித்தும் ஆறவில்லை. தோல்வியை அந்த அளவுக்கு நெஞ்சில் சுமப்பவரிடம் பெண்கள் பொழுதுபோக்குக்காக ஆடினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இறுதி ஆட்டத்தில் டென்மார்க் 3-0 என்று மெக்சிகோவை வீழ்த்தியது. மூன்று கோல்களும் பதினைந்து வயது சுசான் அவுகுஸ்டெசன் அடித்தவை.

இறுதிக்கு முன்பு நடந்த ஒன்றைப் படம் சொல்கிறது. இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் குறை. டிக்கெட் விற்றது, தொலைக்காட்சியில் ஓடியது, பொம்மையும் சட்டையும் விற்றன. களத்தில் ஓடியவர்களுக்கு மட்டும் கூலி இல்லை. மெக்சிகோ வீராங்கனைகள் இருபது லட்சம் பெசோ கேட்டார்கள். தராவிட்டால் ஆட மாட்டோம் என்றார்கள். அதுவரை நாட்டின் செல்லப் பிள்ளைகள் என்று எழுதிய பத்திரிகைகள் ஒரே நாளில் பேராசைக்காரிகள் என்று எழுதின. கடைசியில் பணம் வாங்காமலே ஆடினார்கள். 1921இல் இங்கிலாந்துச் சங்கம் செலவுக் கணக்கைக் காட்டிக் குற்றம் சாட்டியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெண் ஆடினால் அது தருமமாக இருக்க வேண்டும். கூலி கேட்ட கணத்தில் அவள் மேல் பழி விழுகிறது. மைதானத்தைத் திறந்துவிட்ட தொலைக்காட்சி முதலாளியும் இந்த இடத்தில் சங்கத்தோடு ஒரே பக்கத்தில்தான் நின்றார். சாவியை வைத்திருப்பவர் கதவைத் திறந்தார் என்பதற்காக நன்றி சொல்லும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டம் முடிந்தது, பிறகு நடந்ததுதான் மறதி. ஹாரி பாட்டுக்குக் கால்பந்தில் இடமில்லாமல் செய்தார்கள். அவரோடு போன பெண்களுக்குச் சில மாதத் தடை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதே தண்டனை. வீட்டுக்குத் திரும்பியதும் ஊரார் கிண்டல், பத்திரிகைகளின் அலட்சியம். பல பேர் அந்தக் கோடையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். சிலரின் பிள்ளைகளுக்கே அம்மா அஸ்டெகாவில் ஆடியது தெரியாது. மெக்சிகோவிலும் ஆண்டு ஒன்றிரண்டு போனதும் பெண்கள் அணிக்கு ஆதரவு அற்றுப்போனது. ஃபிஃபா 1991 நவம்பரில் சீனாவில் நடத்தியதுதான் முதல் மகளிர் உலகக் கோப்பை என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதின. அதையும்கூட அப்போது உலகக் கோப்பை என்று அழைக்க ஃபிஃபா தயங்கியது. ஆட்டத்தை 80 நிமிடமாகக் குறைத்தது. அந்தப் போட்டியாவது நடந்ததற்குக் காரணம், 1986இல் மெக்சிகோ நகரில் கூடிய ஃபிஃபா மாநாட்டில் நார்வேயின் எலன் வில்லே எழுந்து நின்று கேட்ட கேள்வி. நிறைந்த ஆண்கள் சபையில் பெண்கள் கால்பந்து உங்கள் ஆண்டறிக்கையில் எங்கே என்று கேட்டவர் அவர். அஸ்டெகாவில் லட்சம் பேர் கூடிய அதே ஊரில், பதினைந்து ஆண்டு கழித்து.

இந்தியாவின் கதையும் இந்தப் பூட்டோடு சம்பந்தப்பட்டதே. 1975இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தனியாகத் தொடங்கியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு வெளியே, தன் கைக்காசில். ஆசியாவிலும் அப்போது மகளிர் கால்பந்து தனிக் கூட்டமைப்பாகத்தான் இயங்கியது. 1979ஆம் ஆண்டுக்கான ஆசியப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தபோது இந்தியப் பெண்கள் இறுதி வரை வந்தார்கள். 1983இல் தாய்லாந்தில் மறுபடியும் இறுதி. அதே ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அந்த விருது வாங்கிய முதல் பெண். ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் என்பதை நம் ஆண்கள் அணி ஒருமுறைதான் தொட்டது, 1964இல். அதை எழுபதைத் தாண்டிய ரசிகர்கள் இன்றும் வாய் நிறையச் சொல்வார்கள். இரண்டு முறை தொட்ட பெண்களின் பெயரைச் சொல்ல நானும் எழுதுவதற்கு முன் தேடித்தான் பார்த்தேன். தொண்ணூறுகளில் மகளிர் கால்பந்து அகில இந்தியக் கூட்டமைப்பின் கீழ் வந்தது. தனி அமைப்பின் காலத்து ஏடுகள் பல கைமாறும்போதே உதிர்ந்துபோயின.

இங்கேதான் 'அதிகாரப்பூர்வம்' என்ற சொல்லைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மைதானம் கொடுக்காதபோது ஆட்டம் அங்கீகாரம் இல்லாத இடத்துக்குப் போகிறது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் நடந்ததால் அது ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாததால் அடுத்த தலைமுறை முதன்முதலாக என்று தன்னைப் பற்றி எழுதிக்கொள்கிறது. 1999இல் ரோஸ் பவுலில் ஆடியவர்களும் 2022இல் கேம்ப் நோவில் ஆடியவர்களும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களுக்குக் கொடுத்த ஏட்டில் 1971 இல்லை, அவ்வளவுதான். 'கோபா 71' படத்தின் பெரிய பலம், எழுத்து ஏட்டுக்குப் போட்டியாகப் படச்சுருளைக் கொண்டுவந்து வைத்தது. அன்று தொலைக்காட்சி நிறுவனம் லாபத்துக்காக எடுத்த வண்ணக் காட்சிகள் மட்டும் பிழைக்காமல் போயிருந்தால், ஆறு நாட்டுப் பாட்டிமார்கள் சொல்வதை எவர் நம்பியிருப்பார்?

இங்கிலாந்துச் சங்கத்தின் கணக்கில் பெண்கள் அணியின் முதல் சர்வதேச ஆட்டம் 1972 நவம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில் நடந்தது. இங்கிலாந்து 3-2 என்று வென்றது. அதன் பொன்விழாவில், 2022 நவம்பரில், இங்கிலாந்துக்காக ஆடிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆடத் தொடங்கிய வரிசையில் ஓர் எண் வழங்கும் திட்டத்தைச் சங்கம் தொடங்கியது. எண் 1 கிரீனக்கில் இறங்கிய அணியிலிருந்து ஆரம்பமாகிறது. ஓராண்டு முன்பு அஸ்டெகாவில் இங்கிலாந்துச் சட்டையோடு ஓடிய லீயா கேலெப்புக்கு அந்தப் பட்டியலில் எண் இல்லை.